கம்பி ஜோசியரும் மூன்று புட்டிகளும்

காலை ஐந்தரை மணிக்கே லாரி நிறுத்தத்தில் நூறு பேர் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கொரு நீளக் கம்பி கையில். பார்ப்பவர்கள் ஏதோ அடிதடி என்று பயந்துவிட வேண்டாம். அவ்வளவு பேரும் பயபக்தியோடு வந்தவர்கள்.

அந்தக் கம்பி தானியங்கி கியர் வண்டியின் அளவுக் கம்பி. கியர் பெட்டிக்குள் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்காக வண்டி செய்தவன் வைத்தது. அதில் இரண்டே கோடுகள்தான் உண்டு: மேலே ஒன்று, கீழே ஒன்று. அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு மனிதனின் போன பிறவி, இந்தப் பிறவி, நடக்கப் போகும் கல்யாணம், வரப் போகும் மூலநோய் அனைத்தும் எழுதியிருப்பதாகக் கண்டுபிடித்த மேதைதான் கம்பி ஜோசியர்.

மூன்று வருடத்துக்கு முன்பு அவர் வண்டிக்குள் தொங்கவிடும் வாசனை அட்டை விற்றுக்கொண்டிருந்தார். அப்போதுதான் தானியங்கி கியர் லாரிகள் வரத் தொடங்கின. கிளட்ச் கிடையாது. ஓட்டுநர்களின் இடது காலுக்கு வேலை போயிற்று. முப்பது வருடம் கையால் கியர் போட்டவர்களுக்கு ஒரே குழப்பம். ‘நான் போடவில்லை, ஆனால் கியர் விழுகிறது. அப்படியானால் போடுவது யார்?’ நியாயமான கேள்விதான். வண்டியோடு கொடுத்த கையேட்டின் நாற்பதாம் பக்கத்தில் பதில் இருந்தது. எண்ணெயின் அழுத்தம் போடுகிறது என்று படம் வரைந்தே காட்டியிருந்தார்கள். நாற்பதாம் பக்கம் வரைக்கும் யார் போவது? வாசனை அட்டைக்காரர் ஒரே வரியில் பதில் சொன்னார்.

"உள்ள ஒரு சக்தி இருக்கு. சிவப்பா இருக்கு பாரு எண்ணெய், அதுதான் அதோட ரத்தம்."

முடிந்தது. வேலையில்லாத இடது கால்கள் எல்லாம் அவர் வாசலில் வந்து நின்றன.

ஜோசியம் பார்க்கும் முறை எளிமையானது. விடியற்காலையில், இஞ்சினைப் போடாமல், குளிர்ந்த வண்டியிலிருந்து கம்பியை உருவிக்கொண்டு வர வேண்டும். "வண்டி தூக்கத்துல இருக்கும்போதுதான் உண்மையைச் சொல்லும்" என்பார். வண்டியைச் சூடாக்கி, இஞ்சின் ஓடும்போது அளவு பார் என்பது கையேட்டின் கட்டளை. கையேடு எழுதியவனுக்கு ஞானம் போதவில்லை போலும். கம்பி நுனியிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைத்தாளில் விடுவார். சொட்டு பரவும். அது பரவுகிற அழகைப் பார்த்துக்கொண்டே கண்ணைச் செருகுவார். "ம்ம்..." என்பார். அந்த ‘ம்ம்’முக்கே பாதிப் பேர் அழுதுவிடுவார்கள்.

கல்யாணப் பொருத்தம்கூடப் பார்த்தார். மாப்பிள்ளை லாரியின் சொட்டும் மாமனார் லாரியின் சொட்டும் தாளில் ஒன்றோடொன்று கலந்தால் சம்பந்தம் பண்ணலாம். எண்ணெயும் எண்ணெயும் கலக்காமல் வேறென்ன செய்யும் என்று யாருக்கும் தோன்றவில்லை. லாரி இல்லாதவர்கள் சும்மா இருப்பார்களா? தையல்காரர் ஒருவர் மிஷின் எண்ணெயைக் கரண்டியில் ஏந்தி வந்தார். ஒருவர் சைக்கிள் சங்கிலியையே கழற்றிக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வந்தார். வறுவல் கடைக்காரர் வாணலி எண்ணெயோடு வந்தார். ஜோசியர் அதையும் சொட்டு விட்டுப் பார்த்து, "உன்னால நிறைய பேர் வயிறெரியறாங்க" என்றார். அது ஒன்றுதான் அவர் வாழ்க்கையில் சொன்ன உண்மை. அந்த எண்ணெயில் பொரித்ததைத் தின்றவர்கள் எல்லோருக்கும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

சொட்டு கறுப்பாக இருந்தால் கண்ணேறு. அதற்குச் சாந்தி உண்டு. எதிர்ப்பக்கத்தில் இருக்கும் உதிரிபாகக் கடையில் புது ஃபில்டர் பெட்டி ஒன்றும் புது எண்ணெய்க் கேன்களும் வாங்கி, பெட்டியின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி வண்டி நம்பரை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கடைக்காரர் ஜோசியருக்கு மச்சினன் என்பது தற்செயல். அடியில் இறங்கி வேலை செய்வதற்கான பள்ளத்தின் மேல் வண்டியை நிறுத்தச் சொல்லி, சுற்றிலும் கறுப்புத் திரை போடுவார்கள். உள்ளே ஏழு முறை மணி அடிக்கும். திரை விலகும்போது கியர் பெட்டியின் அடித்தட்டில் சிவப்பு மெழுகு முத்திரை இருக்கும்.

"மூணு வருஷத்துக்கு எவனும் இதைக் கழட்டக் கூடாது. கழட்டினா சக்தி இறங்கிப் போயிடும்."

ஒருவரும் கழற்றவில்லை. பக்கத்துப் பட்டறையில் ஒரு மெக்கானிக் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். எந்த வேலைக்கும் கையேட்டை விரித்து வைத்துக்கொண்டே செய்கிறவர் என்பதால் அவருக்குக் ‘கையேடு’ என்றே பெயர். "புத்தகத்தைப் பாத்து வேலை செய்யறவனெல்லாம் ஒரு மெக்கானிக்கா?" என்று ஓட்டுநர்கள் சிரிப்பார்கள். பிறகு தாளில் விழுந்த சொட்டைப் பார்த்து மகளுக்கு மாப்பிள்ளை தேடப் போவார்கள்.

அந்த வரிசையில் நின்றவர்களில் ஒருவன் அன்னநடை. கண்ணாடிப் பலகை ஏற்றுகிற லாரியை ஓட்டுகிறவன். பதினைந்து வருடத்தில் ஒரு கீறல் விழவிட்டதில்லை. அவ்வளவு நிதானம், அதனால் அந்தப் பெயர். சில நாளாக அவன் வண்டி சரியில்லை. மிதித்தால் இஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மறுக்கிறது. பிறகு யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி குலுங்கிப் புறப்படுகிறது. பள்ளத்தில் சாந்தி செய்து முத்திரையும் வாங்கிவிட்டான். குலுக்கல் நிற்கவில்லை. மறுபடியும் கம்பியோடு போனான்.

ஜோசியர் சொட்டை வெகுநேரம் பார்த்தார். "உன் சம்சாரம் எங்க வேலை பாக்குது?"

"ரத்தப் பரிசோதனைக் கூடத்துலங்க."

"கேள்வி கேக்குமா?"

அன்னநடை தலை குனிந்தான். "கேக்கும்யா. நிறைய."

"அதான். அவ கேக்குற ஒவ்வொரு கேள்வியும் உன் கியர் பெட்டியில கறுப்பா இறங்குது. முப்பது நாள் வாயைக் கட்டச் சொல்லு. எல்லாம் சரியாகும்."

அன்று சாயங்காலம் அவன் மனைவியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான். "இன்னைலேருந்து முப்பது நாளைக்கு நீ கேள்வியே கேக்கக் கூடாது."

"ஏன்?"

"பாத்தியா, ஆரம்பிச்சிட்ட!"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். தூக்கமில்லாத முகம். வண்டியைப் பற்றிய பயத்தில் பாதியாக இளைத்திருந்தான். சரி, மனுஷனுக்கு நிம்மதி கிடைக்கட்டும் என்று ஒப்புக்கொண்டாள்.

அந்த வீட்டில் அதன்பிறகு நடந்த பேச்சை வேறெந்த வீட்டிலும் கேட்டிருக்க முடியாது. "சாப்பாடு இருக்கு. நீங்க சாப்பிடலாம், சாப்பிடாமலும் இருக்கலாம்." "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவீங்கன்னு யாராவது சொன்னா நல்லா இருக்கும்." "என் மூக்குக்கண்ணாடி எங்கயோ இருக்கு. அது உங்களுக்குத் தெரிஞ்சும் இருக்கலாம்." அடக்கி வைத்ததெல்லாம் வேலை செய்கிற இடத்தில் பீறிட்டது. ரத்தம் கொடுக்க வந்தவர்களைப் பிடித்துக்கொண்டாள். "வெறும் வயித்துலயா வந்தீங்க? நேத்து எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க? என்ன சாப்பிட்டீங்க? யார் சமைச்சது? நல்லா இருந்துச்சா?" சர்க்கரை பார்க்க வந்த பெரியவர் இவ்வளவு அக்கறையைத் தாங்க முடியாமல் கண்கலங்கிப் போனார்.

பன்னிரண்டாம் நாள் மலைப்பாதை ஏற்றத்தில் அன்னநடையின் வண்டி நின்றுவிட்டது. இஞ்சின் அலறியது. வண்டி முன்னே போகவில்லை. மெதுவாகப் பின்னால் உருண்டது. பக்கக் கண்ணாடியில் பார்த்தான். பின்னால் ஒரு பள்ளிக்கூட வேன். பிரேக்கை மொத்த உடம்பாலும் மிதித்து, கைப்பிரேக்கையும் இழுத்துப் பிடித்தான். வேனுக்கும் லாரிக்கும் ஒரு முழம் இருக்கும்போது நின்றது. பின்னால் ஆறு கண்ணாடிப் பலகைகள் நொறுங்கின. அந்தச் சத்தம் அவன் காதில் விழவே இல்லை. வேனுக்குள் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்த சத்தம்தான் விழுந்தது.

லாரியை இன்னொரு வண்டி கட்டி இழுத்து வந்து நிறுத்தத்தில் விட்டது. அன்னநடை நேராக ஜோசியரிடம் ஓடினான். அவர் கம்பியைக்கூடப் பார்க்கவில்லை. "வீட்டுல கேள்வி கேட்டிருக்காங்க. போய் விசாரி."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்தான். மனைவி எதுவும் கேட்கவில்லை, கேட்கக் கூடாதே. அவனே எல்லாவற்றையும் சொன்னான். கடைசியில், "நீ கேட்டியா?" என்றான்.

அவள் யோசித்தாள். "ஒரே ஒரு தடவை. தூக்கத்துல ‘யாரது?’ன்னு கேட்டேன்."

"அதான்! அதான்!"

அவள் சிரிக்கவில்லை. எழுந்து வந்து அவன் முன்னால் உட்கார்ந்தாள். "வேன்ல எத்தனை பிள்ளைங்க?"

அவன் திடுக்கிட்டான். அவளைத் தடுக்க வாயைத் திறந்தவன், பதிலைத்தான் சொன்னான். "பதினாலு."

"பதினாலு" என்று அவளும் சொன்னாள். "சரி, கேளுங்க. எங்க கூடத்துல ரத்தம் பாக்குற மெஷின் மேல சந்தேகம் வந்தா ஒண்ணு செய்வோம். ஒரே ஆளோட ரத்தத்தை மூணு குழாய்ல ஊத்தி, பேர் எழுதாம நம்பர் மட்டும் போட்டு உள்ள விடுவோம். மூணுக்கும் ஒரே பதில் வந்தா மெஷின் நல்லா இருக்கு. வேற வேற வந்தா மெஷினைத்தான் கழட்டுவோம். நோயாளிய இல்ல. அதையே உங்க ஐயாவுக்கும் செய்யலாம்."

"ஐயா கண்டுபிடிச்சிடுவார்."

"கண்டுபிடிச்சா நான் ஆயுசு பூரா கேள்வி கேக்க மாட்டேன். எழுதியே தரேன்."

அன்னநடைக்கு அது பெரிய லாபமாகப் பட்டது. சம்மதித்தான்.

அவள் மெல்லிய குழாயையும் பெரிய ஊசிக்குழலையும் கொண்டுவந்து, அளவுக் கம்பி போகிற துவாரத்தின் வழியாக லாரியிலிருந்து ‘ரத்தம்’ எடுத்தாள். பழக்கதோஷத்தில் எடுத்து முடித்ததும் அந்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தினாள். எண்ணெயை ஒரே மாதிரியான மூன்று புட்டிகளில் ஊற்றி ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினாள். எடைமேடை எழுத்தர் சாட்சி. சொந்த மாமனார் லாரிக்கே ஒரு கிலோ குறைத்துப் போடாதவர் என்பதால் ஊரில் எல்லோருக்கும் அவர்மேல் நம்பிக்கை, மாமனாரைத் தவிர. அவர் தன் கண்ணால் பார்த்ததை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கூட்டத்தின் நடுவே மூன்று புட்டிகளும் ஜோசியரின் மேசையில் இருந்தன.

"மூணு புட்டிக்கும் பலன் சொல்லணும் ஐயா. எது யார் வண்டின்னு நாங்க சொல்லப் போறதில்லை" என்றாள் மனைவி.

ஜோசியர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. மறுத்தால் மானம் போகும். புட்டியைத் திறந்து முதல் சொட்டை விட்டார்.

"ம்ம்... இந்த வண்டிக்காரன் வீட்டுல ஒரு பொம்பளை பேசிப் பேசியே அழிக்கிறா." சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார். கூட்டம் ‘ச்ச்’ கொட்டியது.

அன்னநடை மூச்சைப் பிடித்துக்கொண்டான். இரண்டாவது புட்டியில் ஐயா நிச்சயம் சிரித்து, ‘இதுவும் அதே வண்டிதானே’ என்று சொல்லிவிடுவார்.

இரண்டாவது சொட்டு. ஜோசியர் நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ! இந்த வண்டிக்காரனுக்குக் கல்யாணமே ஆகலை. ஆகவும் ஆகாது."

அன்னநடை மனைவியைப் பார்த்தான். பதினைந்து வருடமாகக் கூடவே இருக்கிறாள். இப்போதும் பக்கத்தில்தான் நின்றாள்.

மூன்றாவது சொட்டு. ஜோசியர் முகம் மலர்ந்தது. "ஆகா! தங்கம்! இது என் கையால சாந்தி செஞ்ச வண்டி. கியர் பெட்டி குழந்தை மனசு மாதிரி சுத்தமா இருக்கு. இன்னும் பத்து வருஷத்துக்கு மலையும் சமவெளியும் ஒண்ணுதான்."

அவர் ‘மலை’ என்றதும் அன்னநடையின் முகம் இறுகியது.

எடைமேடை எழுத்தர் உறையைக் கிழித்து, எடைச் சீட்டு படிக்கிற அதே குரலில் படித்தார். "மூன்று புட்டிகளிலும் உள்ளது ஒரே லாரியின் எண்ணெய். என் முன்னால் எடுக்கப்பட்டது. லாரி, கண்ணாடி ஏற்றுவது."

கூட்டம் இப்போது ஜோசியரை உதைக்கும் என்று நினைக்கிறீர்களா? முன்வரிசையில் ஒருவர் கைகூப்பினார். "என்ன சக்தி! ஒரே எண்ணெயில மூணு தலையெழுத்தை எடுத்துட்டாரே!" பின்னால் சைக்கிள் சங்கிலிக்காரர் பரவசத்தில் மயங்கிச் சாய்ந்தார். ஏமாற்ற ஒருவன் போதும். ஏமாந்ததற்குக் காரணம் சொல்லத்தான் கூட்டம் வேண்டியிருக்கிறது.

அன்னநடை முன்னால் வந்தான். அவன் வேகமாக நடந்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

"என் வண்டியக் கழட்டணும். இப்பவே. இவங்க எல்லாரும் பாக்கணும்."

"கழட்டாதே! சக்தி இறங்கிடும்!" என்று கத்தினார் ஜோசியர்.

"இறங்கட்டும்யா. எப்படித்தான் இருக்குன்னு பாத்துடறேன்."

கையேடு புத்தகத்தோடு வந்தார். இழுவை வண்டி லாரியைப் பள்ளத்துக்கு மேலே கொண்டுவந்து விட்டது. மெழுகு முத்திரையைச் சுரண்டினார். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, தட்டின் ஒரு மூலையைச் சாய்த்தார். கீழே வைத்த தொட்டியில் எண்ணெய் இறங்கியது. சிவப்பும் இல்லை, ரத்தமும் இல்லை. அடிப்பிடித்த பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி கறுப்பு, தீய்ந்த நாற்றம். தட்டுக்குள் தூளைப் பிடிக்க வைத்திருந்த காந்தம் முழுக்க இரும்புத்தூள் மயிர் முளைத்த மாதிரி அப்பியிருந்தது. பிறகு ஃபில்டரைக் கழற்றி எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார்.

"தேதி அச்சடிச்சிருக்கு, படிங்க. வண்டி செஞ்ச அன்னைக்கு மாட்டினது. ஒரு தடவைகூட மாத்தல. இது அடைச்சிருந்தா எண்ணெய்க்கு அழுத்தம் எங்கேருந்து வரும்? அழுத்தம் இல்லாம கியர் எப்படிப் பிடிக்கும்?"

"அப்ப நான் குடுத்த புது ஃபில்டர் எங்க?" என்றான் அன்னநடை.

இந்தக் கேள்வி கூட்டத்துக்குப் புரிந்தது. சக்தி போனால் போகட்டும், பொருள் எங்கே? நூறு பேரும் எதிர்க்கடைப் பக்கம் திரும்பினார்கள். மச்சினன் ஷட்டரை இழுப்பதற்குள் நாலு பேர் உள்ளே போய்விட்டார்கள். அலமாரியில் இருந்தது ஒரே ஒரு ஃபில்டர் பெட்டி. மேலே புத்தம்புது வெள்ளைத்தாள் ஒட்டி விற்பனைக்குத் தயாராக இருந்தது. மனைவி நகத்தால் அந்தத் தாளை உரித்தாள். அடியில் இன்னொரு தாள். அதில் ஒரு வண்டி எண்.

"அது என்னோடது!" என்றார் ஒருவர்.

அதையும் உரித்தாள். "என்னோடது!" என்றார் இன்னொருவர். வெங்காயம் மாதிரி உரித்துக்கொண்டே போனாள். முப்பத்தேழு தாள்கள். அன்னநடையின் எண் ஒன்பதாவது. முப்பத்தேழு லாரிகளின் தீவினையைப் போக்கிய அந்த மகா ஃபில்டர், பெட்டியை விட்டு ஒருமுறைகூட வெளியே வந்ததில்லை.

இதற்குள் கம்பி ஜோசியர் கம்பி நீட்டிவிட்டார். அவருடைய சொந்தக் கார் சத்தமில்லாமல் கிளம்பி வாயிலை நோக்கிப் போயிற்று. கையேடு மட்டும் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தை ரசித்துக் கேட்டார்.

"ஆகா, என்ன வழுவழுப்பு! ஒரு குலுக்கல்கூட இல்ல. இதுவும் தானியங்கி கியர்தான். ஒழுங்கா சர்வீஸ் ஆகிற வண்டி."

எடைமேடை எழுத்தர் வாசலில் இருந்த தடுப்பை இறக்கினார். கார் நின்றது. கூட்டம் சூழ்ந்தது. கையேடு காருக்குள் கையை விட்டு, முன்பெட்டியிலிருந்து சர்வீஸ் புத்தகத்தை எடுத்து விரித்தார். பக்கத்துக்குப் பக்கம் முத்திரை, கையெழுத்து, தேதி. கியர் எண்ணெய் மாற்றப்பட்டது. ஃபில்டர் மாற்றப்பட்டது. குறித்த காலத்தில், ஒரு நாள்கூடத் தவறாமல், மூன்று முறை.

மனைவி குனிந்து ஜன்னல் வழியாகக் கேட்டாள். "ஐயா, உங்க காருக்கு மட்டும் ஏன் சாந்தி செய்யல?"

பயத்தில் மனிதனுக்கு உண்மை வந்துவிடும் போலிருக்கிறது. ஜோசியர் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு பொண்டாட்டி பிள்ளை இருக்கும்மா. மலையில போறப்ப எக்குத்தப்பா ஏதாவது ஆச்சுன்னா?"

அன்னநடை அவரை அடிக்கவில்லை. அடிக்க வந்த இரண்டு பேரையும் தடுத்தான். "பதினாலு பிள்ளைங்கய்யா" என்று மட்டும் சொன்னான். அவருக்குப் புரியவில்லை. போலீஸ் வந்து ஜோசியரையும் மச்சினனையும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

கையேடு அன்று மாலை வரை வேலை செய்தார். தட்டையும் காந்தத்தையும் துடைத்தார். புது ஃபில்டர், எண்ணெய் கசியாமல் இருக்கப் புது காஸ்கெட். போல்ட்டுகளைக் கையேட்டில் போட்டிருந்த அளவுக்கு மட்டும் இறுக்கினார். புது எண்ணெய் ஊற்றி, இஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராக மாற்றச் சொல்லி, சூடானதும் அளவு பார்த்தார். எண்ணெய் இரண்டு கோடுகளுக்கு நடுவே நின்றது. "உள்ள கியரைப் பிடிக்கிற தட்டு கொஞ்சம் தேஞ்சிருக்கு. வெறும் வண்டியா ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு வாங்க. அப்புறம் சொல்றேன்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒரு மனிதரை அந்த நிறுத்தம் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது.

அன்னநடை மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து அதே ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தான். வண்டி மூச்சு வாங்காமல் ஏறியது. வழிநெடுக அவள் பன்னிரண்டு நாள் பாக்கியைத் தீர்த்தாள். "இது என்ன சத்தம்? அந்த முள் ஏன் ஆடுது? ஃபில்டரை மறுபடி எப்ப மாத்தணும்?" ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். தெரியாத இடத்தில் வண்டியை ஓரம் கட்டி, கையேட்டைப் புரட்டிப் பார்த்துச் சொன்னான்.

இதோடு எல்லோருக்கும் புத்தி வந்துவிட்டது என்று முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் மறுநாள் காலை கையேட்டின் பட்டறை வாசலில் ஒரு வரிசை நின்றது. முதலில் நின்ற கிரேன் ஓட்டுநர் அவர் காலில் விழப் போனார்.

"ஐயா, நீங்கதான் உண்மையான ஞானி. என் கம்பியப் பாத்து ஒண்ணு சொல்லணும். நான் வாடகை வீடு மாறலாமா?"

கையேடு கம்பியை வாங்கவில்லை. "புது வீட்டுல தண்ணி வருதா?"

"தெரியலையே ஐயா."

"போய்க் குழாயத் தொறந்து பாருங்க."

கிரேன் ஓட்டுநர் அசந்துபோனார். இவ்வளவு பெரிய ரகசியத்தை இத்தனை நாள் யாருமே அவருக்குச் சொல்லவில்லை. ஐயன்மீர், தாய்மீர், குழாயைத் திறக்க உங்களுக்குக் கை இருக்கிறது. தண்ணீர் வருகிறதா என்று பார்க்கக் கண் இருக்கிறது. பிறகு எதற்காக இன்னொருவன் ‘ம்ம்’ என்று சொல்வதற்காகக் காத்திருக்கிறீர்கள்?